மலைநாட்டு முற்றத்துக்கு ஒரு கல்மேசை: சீமெந்தில் வார்த்துச் செய்யும் முறை

எங்கள் பக்கத்தில் முற்றத்தில் போட்ட மரமேசை இரண்டு மழைக்காலங்களைத் தாங்கினால் அது பெரிய காரியம். மேற்பலகை ஊறி, வளைந்து, பாசி பிடித்து, மூன்றாம் வருடம் விறகாகிவிடும். பிளாஸ்டிக் மேசையைக் காற்று வேலியோரம் கொண்டுபோய்ச் சேர்க்கும். கருங்கல் பலகை அறுத்து வாங்கி மலைப்பாதையில் ஏற்றிக் கொண்டுவருவதற்கோ எல்லோரிடமும் வசதி இல்லை. இந்த மூன்றுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. கல்லைப் போன்ற மேற்பலகை ஒன்றைச் சீமெந்தும் மணலும் சிறு சல்லியும் கொண்டு வீட்டிலேயே வார்த்து, இரும்பு அல்லது மரக் கால்களின் மேல் வைப்பதே அது. அரை மூட்டைச் சீமெந்து, இரண்டு வார இறுதி நாட்கள், அவற்றுக்கு நடுவில் ஏறக்குறைய ஒரு மாதப் பொறுமை ஆகியவை போதும். மேசன் வேலை பழகாதவரும் செய்யலாம்.

நான் வார்த்த முதற் பலகை வீணாயிற்று. மழை விட்ட மறுநாள் குவியலில் இருந்த ஈர மணலை அள்ளி, கலவை தானாக ஓடி மூலைகளை நிரப்பட்டும் என்று தண்ணீரைத் தாராளமாக ஊற்றினேன். காய்ந்தபின் முகம் முழுவதும் சிலந்தி வலை போல வெடிப்புகள் தெரிந்தன. விரலால் தேய்த்தால் மாவாக உதிர்ந்தது. சீமெந்தையும் கடைக்காரரையும் சில நாட்கள் குறை சொல்லித் திரிந்தபின்தான் பிழை தண்ணீரில் இருந்தது என்பது விளங்கியது. கலக்கும்போது தண்ணீரைக் குறைக்க வேண்டும். வார்த்த பிறகு தண்ணீரைக் குறைக்கவே கூடாது. புதியவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஆகவே இந்தக் கட்டுரையில் தண்ணீரைப் பற்றியே அதிகம் பேசியிருக்கிறேன்.

வார்ப்பதற்கு ஏற்ற காலம்

மலைநாடு என்று ஒரே சொல்லில் சொன்னாலும் மழை எல்லா இடத்திலும் ஒரே மாதத்தில் பெய்வதில்லை. ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை, நுவரெலியா போன்ற மேற்குச் சரிவுப் பகுதிகளில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை விடாமல் பெய்யும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பின்னேரங்களில் இடியோடு கொட்டும். அங்கே ஜனவரி முதல் மார்ச் வரையான வறண்ட நாட்களே வார்ப்புக்கு ஏற்றவை. பெப்ரவரி நடுவில் வார்த்தால் சித்திரைப் புத்தாண்டு விருந்தை அந்த மேசையிலேயே பரிமாறலாம். பதுளை, பண்டாரவளை, வெலிமடை போன்ற ஊவாப் பக்கத்தில் கணக்கு மாறும். அங்கே வடகீழ்ப் பருவமழை மார்கழி, தை மாதங்களை நனைத்துவிடும். ஜூன் முதல் ஓகஸ்ட் வரை வானம் வெளுத்திருக்கும். ஆனால் அந்த மாதங்களில் வீசும் வறண்ட கச்சான் காற்று, ஊவாத் தேயிலைக்கு மணத்தைக் கொடுக்கும் அதே காற்று, ஈரச் சீமெந்தின் மேற்பரப்பிலிருந்து தண்ணீரை உறிஞ்சி ஒரு மணி நேரத்துக்குள்ளேயே மயிர் வெடிப்புகளை உண்டாக்கிவிடும். ஊவாவில் அந்த மாதங்களில் வார்ப்பவர்கள் மழைக்குப் பயப்படத் தேவையில்லை. காற்றை மறைக்க நாலு பக்கமும் படங்கு கட்டிக்கொள்ள வேண்டும்.

குளிரையும் கணக்கில் எடுக்க வேண்டும். சீமெந்து இறுகுவது காய்வதால் அன்று. தண்ணீரோடு அது சேர்ந்து நடக்கும் இரசாயன மாற்றத்தால். வெப்பநிலை 10 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் அந்த மாற்றம் மிக மெதுவாகிவிடும். 1868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவிலும் அதன் சுற்றுப்புறத் தோட்டங்களிலும் ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். வார்த்த முதல் இரவிலேயே கலவைக்குள் இருக்கும் தண்ணீர் உறைந்தால் பலகை பிறகு எத்தனை நாள் கிடந்தாலும் பலம் பெறாது. எனவே அப்பகுதிகளில் இஸ்தோப்பிலோ பின்பக்கக் காம்பராவிலோ வைத்து, காலை ஒன்பது மணிக்குள் வேலையைத் தொடங்கி, பகல் வெயிலின் வெதுவெதுப்பிலேயே அது இறுகத் தொடங்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இரவில் சாக்கும் பழைய கம்பளியும் போர்த்துங்கள். குளிருக்காகப் பக்கத்தில் கரிச்சட்டியை வைத்துக் கணப்பு மூட்டும் பழக்கம் சிலருக்கு உண்டு. அதை மட்டும் செய்யாதீர்கள். மூடிய இடத்தில் எரியும் கரியிலிருந்து வரும் வாயு ஈரச் சீமெந்தின் முகத்தோடு சேர்ந்து அதை மாவாக உதிரும்படி ஆக்கிவிடும். அந்த அறையில் இருக்கும் மனிதருக்கும் அது ஆபத்து.

அளவும் எடையும்

முதல் மேசைக்கு 5 அடி நீளம், இரண்டரை அடி அகலம், ஒன்றரை அங்குலக் கனம் என்ற அளவைப் பரிந்துரைக்கிறேன். சாப்பிட உட்காரும் ஒருவருக்கு இரண்டடி இடம் வேண்டும். இந்த அளவில் நான்கு பேர் தாராளமாகவும், இரு முனைகளையும் சேர்த்தால் ஆறு பேர் சற்று நெருக்கமாகவும் உட்காரலாம். இதைவிடப் பெரிதாகச் செய்ய ஆசை வரும். ஆனால் கொங்கிரீட் ஒரு கனமீற்றர் ஏறக்குறைய 2400 கிலோகிராம் எடை கொண்டது. மேலே சொன்ன பலகையே சுமார் 106 கிலோ வரும். அதே கனத்தில் 6 அடிக்கு 3 அடி என்று போனால் 150 கிலோவைத் தாண்டிவிடும். கனத்தையும் இரண்டு அங்குலமாக்கினால் 200 கிலோ. லயத்து வாசற்படிகளிலும் சரிவான முற்றங்களிலும் அதைத் தூக்கி இறக்குவது விளையாட்டல்ல.

பொருட்கள்

சீமெந்து அரை மூட்டை, அதாவது 25 கிலோ. சாதாரண போர்ட்லண்ட் சீமெந்தே போதும். கலப்புச் சீமெந்தும் உதவும், ஆனால் குளிரில் அது இன்னும் மெதுவாக இறுகும். நம் ஊர் ஈரத்தில் மூட்டை வேகமாகக் கட்டிபடும் என்பதால், கடையில் மூட்டையின் மூலைகளை அழுத்திப் பாருங்கள். விரலால் நசுக்கினால் உடையாத கட்டிகள் இருந்தால் வாங்க வேண்டாம்.

மணல் சுமார் 35 லீற்றர், சல்லி 35 லீற்றர். பத்து லீற்றர் வாளியால் ஒவ்வொன்றும் மூன்றரை வாளி. அரை மூட்டைச் சீமெந்தின் கன அளவு ஏறக்குறைய 17 லீற்றர் ஆகையால் இது ஒன்றுக்கு இரண்டு, இரண்டு என்ற விகிதம். சல்லி 10 மில்லிமீற்றருக்கு மேற்படக் கூடாது. ஒன்றரை அங்குலக் கனத்துக்குள் கம்பி வலையும் இருப்பதால் வீட்டுத் தளத்துக்குப் போடும் முக்கால் அங்குலச் சல்லி இதற்கு ஆகாது. கடைகளில் சிப்ஸ் என்று கேட்டால் தருவார்கள். ஓடையோரத்தில் நாமே அள்ளும் மணலில் களிமண்ணும் காக்காய்ப்பொன் துணுக்குகளும் கலந்திருக்கும். ஒரு கண்ணாடிப் போத்தலில் பாதிக்கு மணலும் மேலே உப்புத் தண்ணீரும் விட்டுக் குலுக்கி, மூன்று மணி நேரம் அசையாமல் வையுங்கள். மணலின் மேல் படியும் சேற்றுப் படலம், மணலின் உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கை மீறினால் அந்த மணலைக் கழுவ வேண்டும், அல்லது வேறு மணல் பார்க்க வேண்டும். பீலித் தண்ணீர் தெளிவாக இருக்கும் நாட்களில் கலவைக்கு நல்லது. மழை பெய்து கலங்கி வரும்போது வேண்டாம்.

இரண்டு அங்குலக் கண்ணுள்ள நாகம் பூசிய வெல்ட் மெஷ் ஒரு துண்டு வேண்டும். கோழிக்கூட்டு வலை இதற்குப் பலம் தராது.

நிறத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பழைய தோட்டப் பங்களாக்களின் சிவப்புச் சீமெந்துத் தரையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சிவப்பு ஒக்சைட் மேல் ஆசை இருக்கும். தரைக்கு அது அழகு. வெளியில் மழையும் வெயிலும் படும் சாப்பாட்டு மேசையில், என் கண்ணுக்கு, அது தண்ணீர்த் தொட்டியை நினைவூட்டுகிறது. கறுப்பு ஒக்சைட் சேர்த்து, கருஞ்சல்லி போட்டு, மேலே இலேசாகத் தேய்த்தால் அம்மிக்கல்லின் நிறமும் தோற்றமும் வரும். வெள்ளைப் புள்ளிகள் வேண்டுமென்றால் கருஞ்சல்லிக்குப் பதில் மாத்தளை, திகனைப் பக்கங்களில் உடைக்கப்படும் வெண்ணிறப் பளிங்குச் சுண்ணக்கல்லின் சிறு சல்லியைப் போடலாம். ஆனால் அந்தக் கல்லைப் புளிப்பு அரிக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த நிறமானாலும் ஒக்சைட் சீமெந்தின் எடையில் நூற்றுக்கு 5 பங்கைத் தாண்டக் கூடாது. 25 கிலோவுக்கு 750 கிராம் போட்டாலே நல்ல கருமை வரும்.

அச்சுப்பெட்டி

பலகையைக் கவிழ்த்து வார்க்கப் போகிறோம். அச்சின் அடியில் படும் முகமே பின்னர் மேசையின் மேல் முகமாகும். ஆகையால் அச்சின் தரையில் இருக்கும் ஒவ்வொரு கீறலும் மேசையில் பதியும். மெலமைன் பூசிய 18 மில்லிமீற்றர்ப் பலகை இதற்குச் சிறந்தது. ஒரு பலகையைச் சரியாக 5 அடிக்கு இரண்டரை அடியாக அறுத்துக்கொள்ளுங்கள். பக்கச் சட்டங்களை 56 மில்லிமீற்றர் அகலத்தில் கிழித்து, அடிப்பலகையின் விளிம்பில் வெளிப்புறமிருந்து இஸ்குரூ ஆணியால் இறுக்குங்கள். அடிப்பலகையின் 18 மில்லிமீற்றர் போக உள்ளே 38 மில்லிமீற்றர், அதாவது ஒன்றரை அங்குல ஆழம் கிடைக்கும். சாதாரண ஆணி அடித்தால் பிரிக்கும்போது தட்டித் தட்டியே பலகையின் விளிம்பை உடைத்துவிடுவீர்கள்.

மூலைக்கு மூலை குறுக்கே அளந்து பாருங்கள். இரண்டு அளவும் 67 அங்குலத்துக்குச் சற்றே மேலாக, ஒன்றுக்கொன்று சமமாக இருந்தால் பெட்டி நேராக இருக்கிறது. பிறகு உள் மூலைகள் எல்லாவற்றிலும் சிலிக்கனை ஒரு மெல்லிய கோடாக இட்டு, ஈர விரலால் வழித்து விடுங்கள். அந்தக் கோட்டின் வளைவே மேசை விளிம்பின் வளைவாகும். கூர்மையான சீமெந்து விளிம்பு முதல் வாரத்திலேயே சிதறும், குழந்தையின் நெற்றியிலும் படும். சிலிக்கன் ஒரு நாள் காயட்டும்.

அச்சுக்கு எண்ணெய் தடவுவதில் ஒரு சிறு தொல்லை உண்டு. பாவித்த என்ஜின் ஒயில் கறைபடுத்தும் என்பதால் வேண்டாம். தேங்காய் எண்ணெய் நல்லதுதான். ஆனால் அது 24 பாகைக்குக் கீழே உறையத் தொடங்கும், நமது காலைப் பொழுதில் போத்தலுக்குள் வெண்ணெயாக நிற்கும். உறைந்த எண்ணெயைத் தடவினால் திட்டுத்திட்டாகப் பதிந்து, மேசை முகத்தில் குழிகளாகத் தெரியும். போத்தலைச் சுடுநீரில் வைத்து உருக்கி, துணியில் தொட்டு, பலகை மினுங்கும் அளவுக்கு மட்டும் துடைத்துவிடுங்கள். பெட்டியை உறுதியான, அசையாத தரையில் வைத்து, நீர்மட்டம் பிடித்து இரு திசையிலும் சமன் செய்த பிறகே கலவைக்குக் கை வையுங்கள்.

கலவை

கையுறை, கண்ணாடி, முகமூடி இல்லாமல் தொடங்க வேண்டாம். ஈரச் சீமெந்தின் காரம் தோலை எரிக்கும்; எரிச்சல் உடனே தெரியாது, மாலையில்தான் தெரியும். பட்ட இடத்தை உடனே நிறையத் தண்ணீரால் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே வைத்தியரிடம் போக வேண்டும்.

ஒரு தடித்த பொலித்தீன் விரிப்பில் மணலையும் சீமெந்தையும் ஒக்சைட்டையும் உலர்ந்த நிலையிலேயே கொட்டி, நிறம் ஒன்றாகும் வரை மூன்று நான்கு தடவை புரட்டுங்கள். பிறகு சல்லியைச் சேர்த்து மீண்டும் புரட்டுங்கள். நிறம் சேர்த்த கலவையை இரண்டு தவணையாகக் கலந்தால் இரண்டு நிறமாகவே வரும். முழுவதையும் ஒரே தடவையில் கலக்குங்கள்.

இனித் தண்ணீர். 25 கிலோச் சீமெந்துக்கு மொத்தம் 11 லீற்றருக்கு மேல் போகக் கூடாது. இந்த 11 லீற்றருக்குள் மணலில் ஏற்கனவே இருக்கும் ஈரமும் அடங்கும் என்பதைத்தான் நான் முதல் தடவை மறந்தேன். மூன்றரை வாளி மணல் ஏறக்குறைய 55 கிலோ. மழையில் நனைந்த மணல் தன் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு ஈரத்தைச் சாதாரணமாகப் பிடித்து வைத்திருக்கும். கணக்குப் பார்த்தால் அதுவே இரண்டே முக்கால் லீற்றர், நமக்கு அனுமதிக்கப்பட்ட தண்ணீரில் கால்வாசி! முடிந்தால் மணலை முதல் நாளே வெயிலில் பரப்பிக் காயவிடுங்கள். முடியாவிட்டால் 7 லீற்றரோடு தொடங்கி, நன்றாகப் புரட்டிய பிறகு கோப்பை கோப்பையாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். மிஞ்சிய தண்ணீர் சீமெந்தோடு சேராமல் கலவைக்குள் இடம் பிடித்து, பின் ஆவியாகிப் போகும்போது நுண்ணிய ஓட்டைகளை விட்டுச் செல்கிறது. பலம் குறைவதும், சுருங்கி வெடிப்பதும், கறை உள்ளே இறங்குவதும் அந்த ஓட்டைகளால்தான்.

பதம் எப்படி அறிவது? எனக்குப் பக்கத்து வீட்டு மாமா, நாற்பது வருடம் மேசன் வேலை பார்த்தவர், சொல்லித் தந்தது இது: “தம்பி, ஒரு பிடி எடுத்து அமுக்கு. உருண்டையா நிக்கணும். விரல் இடுக்கால ஒழுகினா தண்ணி கூடிப்போச்சு, கை திறந்ததும் உதிர்ந்தா காணாது.” இந்தப் பதத்தில் கலவை முதலில் வறட்சியாகத் தோன்றும், தட்டத் தட்டத்தான் அது இளகி மினுங்கும். அந்தத் தோற்றத்தைப் பார்த்து மனம் தளர்ந்து இன்னொரு கோப்பை ஊற்றிவிடாதீர்கள். கலவையை இளக்கும் திரவங்கள் ஹாட்வெயார் கடைகளில் கிடைக்கின்றன. போத்தலில் குறித்த அளவைத் தாண்டாமல் சேர்த்தால் தண்ணீர் கூட்டாமலே வேலை சுலபமாகும்.

வார்ப்பு

முதல் படையைக் கையாலேயே அள்ளி, மூலைகளிலும் விளிம்புகளிலும் அழுத்தி அழுத்தி நிரப்புங்கள். முக்கால் அங்குலம் நிரம்பியதும் இறப்பர்ச் சுத்தியலால் பெட்டியின் பக்கங்களைச் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். அடியிலிருந்து குமிழிகள் வந்து உடையும். குமிழி வருவது நிற்கும்வரை தட்ட வேண்டும்; இதற்கு எனக்குப் பத்து நிமிடமாவது பிடிக்கிறது. பின்பு, எல்லாப் பக்கமும் ஒரு அங்குலம் உள்ளே நிற்கும்படி வெட்டி வைத்த மெஷ்ஷைப் படுக்க வையுங்கள். வலை கனத்தின் நடுவில் இருக்க வேண்டும். அது அமிழ்ந்து அச்சின் தரையைத் தொட்டுவிட்டால் ஒரு வருடத்தில் மேசை முகத்தில் துருக் கோடுகள் கட்டம் கட்டமாகத் தெரியும். வலையைத் தாங்கக் கல்லோ கட்டையோ வைத்தாலும் அதன் தடம் முகத்தில் தெரியுமாதலால், மெல்லிய கட்டுக்கம்பியால் பக்கச் சட்டங்களின் மேலிருந்து அதைத் தொங்கவிட்டு, மேற்படை நிரம்பியதும் கம்பியை நறுக்கிவிடுவது நல்லது.

மீதிக் கலவையை நிரப்பி, மீண்டும் தட்டி, நேரான சட்டம் ஒன்றை அறுப்பது போல முன்னும் பின்னும் இழுத்து மட்டம் செய்யுங்கள். இப்போது மேலே தெரிவது மேசையின் அடிப்பக்கம். அது வழவழப்பாக இருக்கத் தேவையில்லை. ஆனால் அங்கே ஒரு வேலை உண்டு. மழைத் தண்ணீர் மேசை விளிம்பில் வழிந்து, அடிப்பக்கமாகவே ஊர்ந்து சென்று கால்களை நனைக்கும். அதைத் தடுக்க, விளிம்பிலிருந்து ஒரு அங்குலம் உள்ளே, நாலு பக்கமும், எண்ணெய் தடவிய 8 மில்லிமீற்றர்க் கம்பியைப் பாதி புதையும்படி அழுத்தி வைத்து, கலவை இறுகத் தொடங்கும் நேரத்தில் எடுத்துவிடுங்கள். அங்கே உண்டாகும் சிறு பள்ளத்தைக் கடக்க முடியாமல் தண்ணீர் சொட்டிவிடும். நம் வீட்டு யன்னல்களின் மேலுள்ள கொங்கிரீட் தட்டுகளில் மேசன்மார் இதைத்தான் செய்திருப்பார்கள். அண்ணாந்து பார்த்தால் தெரியும்.

மிஞ்சிய கலவையில் இரண்டு சிறு ஓடுகள் வார்த்து வையுங்கள். பின்னர் பூச்சுக்களைச் சோதிக்க அவை வேண்டும். வாளி கழுவிய தண்ணீரைத் தோட்டத்துக் கானில் ஊற்றாதீர்கள். அந்தக் காரம் கீழே ஓடையில் போய் மீனைக் கொல்லும். ஒரு குழியில் ஊற்றித் தெளிந்து வற்றவிடுங்கள்.

ஈரம் காத்தல்

தொட்டால் விரல் பதியாத அளவுக்கு இறுகியதும், ஈரச் சாக்கைப் பரப்பி, அதன் மேல் பொலித்தீனைப் போர்த்தி, காற்று நுழையாதபடி ஓரங்களில் கல் வையுங்கள். ஏழு நாட்கள் சாக்கு காயவே கூடாது. மூடுபனிக்காலத்தில் எல்லாம் தானாகவே ஈரமாகத்தானே இருக்கும் என்று விட்டுவிடாதீர்கள். பொலித்தீனைத் தூக்கித் தினம் ஒரு முறை கையால் தொட்டுப் பாருங்கள். உரப்பைகளைப் போர்த்துவதானால் நன்றாகக் கழுவிவிட்டுப் போர்த்துங்கள். உர உப்பு முகத்தில் கறையாக இறங்கும்.

பக்கச் சட்டங்களை மூன்றாம் அல்லது நான்காம் நாள் கழற்றலாம். பலகையைத் தூக்கித் திருப்புவதற்கு, ஹட்டன், பண்டாரவளை போன்ற இடங்களில் ஒரு வாரமும், நுவரெலியாக் குளிரில் பத்து நாட்களும் காத்திருப்பதே என் பழக்கம். முழுப் பலத்துக்கு 28 நாட்கள் என்பது பொதுக் கணக்கு.

திருப்புதல்

இந்த ஒரு நிமிட வேலையில்தான் அதிகமான பலகைகள் உடைகின்றன. நாலு பேராவது வேண்டும். பலகையைத் தட்டையாகத் தூக்கவே கூடாது. கண்ணாடி தூக்குவது போல விளிம்பில் நிறுத்தியே தூக்க வேண்டும். பழைய மெத்தை அல்லது காற்றிறக்கிய டயர்க் குழாய்களைத் தரையில் பரப்பி, பலகையை ஒரு நீளப் பக்கத்தின் மேல் மெதுவாக நிமிர்த்தி, அச்சுப் பலகையை உரித்து எடுத்த பிறகு, அதே நிலையில் சுமந்து செல்லுங்கள். ஒருவர் மட்டுமே கட்டளை சொல்ல வேண்டும். அலவாங்கு கொண்டு நெம்ப வேண்டாம். விளிம்பு நிச்சயமாகப் பெயரும்.

முகத்தில் சிறு ஓட்டைகள் இருக்கும், பயப்பட வேண்டாம். அதே சீமெந்தையும் ஒக்சைட்டையும் கூழாகக் குழைத்து விரலால் தேய்த்து நிரப்பி, இரண்டு நாள் ஈரமாக வைத்திருங்கள்.

கால்கள்

இரண்டு அங்குலச் சதுர பொக்ஸ் பார் இரும்பில், 40 அங்குல நீளமும் 22 அங்குல அகலமும் கொண்ட சட்டமும், நடுவில் ஒரு குறுக்குச் சட்டமும், நாலு கால்களும் ஒட்டுவேலைக்காரரிடம் ஒட்டி வாங்குவது சுலபம். இதன் மேல் வைத்தால் பலகை இரு முனைகளிலும் பத்து அங்குலமும் பக்கங்களில் நாலு அங்குலமும் வெளியே நிற்கும். முனையில் உட்காருபவரின் முழங்கால் இடிக்காது, நடுப்பகுதியும் தொய்யாது. சட்டத்தின் உயரம் 28 அங்குலம். பலகையோடு சேர்த்து இருபத்தொன்பதரை. வாங்கோ கதிரையோ 18 அங்குல உயரம் இருந்தால் சரியாகப் பொருந்தும். துருத் தடுப்புப் பூச்சு இரண்டு கை அடித்து, காலின் வாய்களை மூடி ஒட்டச் சொல்லுங்கள். திறந்திருந்தால் குளவி கூடு கட்டும், தண்ணீரும் தேங்கும்.

மரக்கால் விரும்புவோர் டர்பன்டைன் மரத்தில் மூன்று அங்குலச் சதுரமாக அறுத்து வாங்கலாம். தேயிலைக்கு நிழலுக்கு நிற்கும் சவுக்கு (சில்வர் ஓக்) பார்க்க அழகான ரேகையுடையது. ஆனால் வெளியில் மண்ணோடு தொட்டு நிற்கும் காலுக்கு அது நீடிக்காது.

சரிவு மண்ணில் மேசையை அப்படியே வைத்தால் ஒரு மழையில் ஒரு கால் இறங்கிவிடும். ஒவ்வொரு காலுக்கும் கீழே ஒரு அடிச் சதுரத்தில் நாலு அங்குலக் கொங்கிரீட் தட்டு பதித்து, நீர்மட்டம் பிடியுங்கள். சமன் செய்யும்போது நீளப் பக்கமாக அரை அங்குலச் சாய்வு விட்டால் மழைத் தண்ணீர் தேங்காது. கறிக் கிண்ணமும் ஓடாது. பலகையைச் சட்டத்தின் மேல் பசையால் இறுக ஒட்டத் தேவையில்லை. எட்டு இடங்களில் சிலிக்கன் பொட்டு வைத்து இறக்கினால் அதன் எடையே அதைப் பிடித்துக்கொள்ளும். மரமோ இரும்போ வெயிலில் விரிந்து சுருங்கும்போது பலகை வெடிக்காது.

தேய்ப்பும் பூச்சும்

கல்லின் தோற்றம் இந்த இடத்தில்தான் பிறக்கிறது. அச்சிலிருந்து வந்த முகம் சீமெந்துப் பாலின் மெல்லிய தோலால் மூடியிருக்கும். இரண்டு வாரம் கழித்து, கையால் பிடித்துத் தேய்க்கும் வைரத் தேய்ப்புக் கட்டைகளை 120, 220, 400 என்ற வரிசையில் (எண் கூடக் கூடத் தேய்ப்பு நுண்மையாகும்), தண்ணீர் ஊற்றி ஊற்றி வட்டமாகத் தேய்த்தால் மணலும் சல்லியின் நுனிகளும் மெல்ல எட்டிப் பார்க்கும். மின்சாரக் கிரைண்டரைத் தண்ணீரோடு பயன்படுத்துவது பழகியவர்களுக்கே உரிய வேலை. உலர்வாகத் தேய்த்தாலோ வரும் தூசு நுரையீரலுக்குக் கேடு. கையால் தேய்க்க ஒரு முழு நாள் ஆகும், தோள் வலிக்கும், ஆனால் எவ்வளவு தேய்ப்பது என்பது உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும். நான் 220 உடன் நிறுத்திக்கொண்டேன். அதற்கு மேல் போனால் மினுமினுப்பு வருகிறது, கல் என்ற உணர்வு போய்விடுகிறது.

28 நாட்களுக்குப் பின் பூச்சு. சீமெந்துக்குள் ஊடுருவி நீரை விலக்கும் சிலேன் வகைப் பூச்சு வெளி மேசைக்கு ஏற்றது. மேலே தோலாகப் படியும் வார்னிஷ் வகைகள் நம் ஈரத்தில் வெள்ளை பூத்து உரியும். வாங்கும்போது உணவு படும் மேற்பரப்புக்கு உகந்ததா என்று போத்தலைப் படித்துப் பாருங்கள். பூசுவதற்கு முன் பலகை உண்மையில் காய்ந்திருக்க வேண்டும். ஒரு சாண் சதுரப் பொலித்தீனை நாலு பக்கமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்ளே நீர்த்துளி கோத்திருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். மேற்குச் சரிவில் மழை தொடங்கிவிட்டால் இதற்காக மேசையைக் கூரைக்குக் கீழே வைத்திருக்க நேரலாம். முதலில் சோதனை ஓட்டில் பூசி, ஒன்றில் தேசிக்காய்ச் சாறும் மற்றதில் மஞ்சள் கலந்த எண்ணெயும் சொட்டி, ஒரு மணி நேரம் கழித்துத் துடைத்துப் பார்த்தால் உங்கள் பூச்சின் தரம் தெரிந்துவிடும்.

எந்தப் பூச்சும் புளிப்பை முழுவதாகத் தடுப்பதில்லை. ரசம், புளிக்குழம்பு, சம்பலில் பிழியும் தேசிக்காய் ஆகியவை சிந்தினால் உடனே துடைக்க வேண்டும். விட்டால் அந்த இடம் மங்கிச் சொரசொரப்பாகும். வாழையிலை போட்டுச் சாப்பிடும் நாட்களில் இலைக்குக் கீழே வழிவது தெரியாது, ஆகையால் இலையை எடுத்ததும் மேசையைக் கழுவிவிடுவது நல்லது. தேநீர்க் கோப்பையின் வளையம் பழுப்பாகத்தான் படியும். ஆனால் எனாமல் பெயர்ந்து துருப்பிடித்த கோப்பையின் அடியில் தேநீர் பட்டால் இரும்போடு சேர்ந்து கருநீலக் கறையாகிவிடும், அது இலேசில் போகாது. முதல் மழைக்காலத்தில் வெள்ளை உப்புப் பூப்பதைக் கண்டு கவலைப்பட வேண்டாம். உலர்ந்த தூரிகையால் துடைத்தால் போகும், சில மாதங்களில் தானாகவே குறைந்துவிடும். பாசிக்குச் சவர்க்காரமும் தேங்காய்த் தும்பும் போதும். மேசையின் மேல் தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் உறிஞ்சப்படத் தொடங்கினால், அடுத்த வறண்ட மாதத்தில் இன்னொரு கை பூச்சு அடியுங்கள்.